வாகனங்களைக் கரையில் விட்டுச் செல்லும் தீவு

ஸ்கொட்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் மலேக் என்றொரு சிறு மீன்பிடித் துறைமுகம் உண்டு. கிளாஸ்கோ நகரிலிருந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் மலைகளுக்கூடாக ஓடிவரும் புகையிரதம் அங்கே வந்து நின்றுவிடும். அதற்கப்பால் கடல்தான். ஒரு மே மாதக் காலையில் நாம் நால்வர் அந்த இறங்குதுறையில் பயணச்சீட்டுடன் நின்றோம். எமக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் தங்கள் கார்களைக் கரையிலேயே பூட்டிவிட்டு, முதுகுப் பைகளோடும் சைக்கிள்களோடும் வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கப்பலின் பின்புறத்தில் வாகனம் ஏற்றக்கூடிய பெரிய கதவு இருந்தது. ஆனால் விருந்தாளிகளின் கார்களுக்கு அதில் இடமில்லை. உடல் வலுக் குறைந்தோருக்கு மாத்திரம் விசேட அனுமதி உண்டு. மற்றும்படி தீவு வாசிகளின் தேவைக்கான வண்டிகளும் சாமான்களும், ஆடு மாடுகளுக்கான தீவனமுமே அதில் ஏறுகின்றன.

நாம் போகவிருந்த தீவின் பெயர் எக். நீளம் ஒன்பது கிலோமீற்றர், அகலம் ஐந்து கிலோமீற்றர். பரப்பளவு ஏறத்தாழ 31 சதுர கிலோமீற்றர். எமது நெடுந்தீவைவிடச் சிறியது. அங்கே இன்று வாழ்பவர்கள் நூறு பேருக்குச் சற்று அதிகம்.

இவ்வளவு தொலைவில் உள்ள ஒரு குட்டித் தீவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எக் தீவு மக்கள் பல தலைமுறைகளாகத் தமக்குச் சொந்தமில்லாத மண்ணில் வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஒரே ஆண்டில் ஊரோடு வெளியேற்றப்பட்டவர்கள். எஞ்சியோரின் வழிவந்தவர்களும் பின்னர் வந்து குடியேறியவர்களும் சேர்ந்து 1997இல் அந்தத் தீவையே தமது பொதுச் சொத்தாக்கிக்கொண்டார்கள். அது எப்படி நடந்தது, அதன்பின் என்ன மாறியது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே எமது நோக்கம். எம்மோடு வந்தவர்களில் ஒருவர் வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்தவர். 1990இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர். நாம் கண்டவற்றுள் பலவற்றை அவருடைய கண்களாலேயே கண்டோம்.

கடல் வழி

லொக் நெவிஸ் என்ற அந்தக் கப்பல் அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தினுடையது. எக், மக், றம், கன்னா என்ற நான்கு சிறு தீவுகளுக்கும் அதுவே உயிர்நாடி. ஒவ்வொரு நாளும் எல்லாத் தீவுக்கும் அது போவதில்லை. காற்று மிஞ்சினால் போகவேண்டிய நாளிலும் போகாது. நாம் சென்ற அன்று கடல் அமைதியாக இருந்தபடியால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் கரை சேர்ந்தோம்.

தூரத்திலிருந்தே எக் தீவை அடையாளம் காணலாம். அதன் தென்பகுதியில் 393 மீற்றர் உயரத்தில் ஒரு கருங்கல் முகடு நிமிர்ந்து நிற்கிறது. ஸ்கூர் என்பது அதன் பெயர். எரிமலைக் குழம்பு இறுகி உருவான பாறை அது. அதன் அடிவாரத்தில் கல்மிஸ்டேல் இறங்குதுறை.

இந்த இறங்குதுறைக்கும் ஒரு கதை உண்டு. 2004ஆம் ஆண்டு வரை பெரிய கப்பல் கரையை அணுக முடியாது. நடுக்கடலில் கப்பல் நிற்க, கரையிலிருந்து ஒரு சிறு படகு போய்ச் சேரும். ஆட்களும் மூட்டைகளும் ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு மாற வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் எல்லோருக்கும் அதே வழிதான். ஊர்காவற்றுறையிலும் குறிகட்டுவானிலும் படகுக்குக் காத்து நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று கப்பல் நேரே சரிவுத் துறையில் கதவை இறக்குகிறது. தீவார் நாலைந்து பேர் கைகொடுக்க, சாமான்கள் இறங்குகின்றன. கப்பல் வரும் வேளை அங்கே ஒரு சிறு சந்தைபோல இருக்கிறது. யாருக்கு எது வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நடந்து பார்த்த ஊர்

கப்பல் திரும்பிப் போன பின்பு கேட்ட அமைதியைச் சொல்வது கடினம். முதலில் காது எதையோ தேடியது. பிறகு ஆட்டுக் குட்டிகளின் சத்தமும், குயில் ஒன்றின் கூவலும், கல்லில் அலை அடிப்பதும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின.

இறங்குதுறையில் ஒரு கடை, ஒரு தேநீர்ச்சாலை, கைப்பணிப் பொருள் விற்கும் ஓர் அறை ஆகியவை ஒரே கட்டடத்தில் உள்ளன. அங்கிருந்து ஓர் ஒற்றைப் பாதை தீவைக் குறுக்கறுத்து வடக்கே கிளேடேல் என்ற கமக்காரர் குடியிருப்பு வரை போகிறது. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். தீவில் வாகனமே இல்லை என்று சொல்வது சரியல்ல. தீவாரிடம் பழைய வண்டிகளும் உழவு இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து வருபவர் எவராயினும் நடக்க வேண்டும் அல்லது சைக்கிள் மிதிக்க வேண்டும். இதனால் பாதை அகலிக்கப்படவில்லை, வேலிகள் பின்னகரவில்லை, பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். நடந்து வருபவர் வழியில் கண்டவரோடு கதைக்கிறார். கடையில் ஏதாவது வாங்குகிறார். இரவு தங்கவும் செய்கிறார். காரில் வருபவராயின் ஒரு மணித்தியாலத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

கிளேடேலில் கமங்கள் கடற்கரையை நோக்கிக் கீற்றுக் கீற்றாக இறங்குகின்றன. செம்மறி ஆடு, சில மாடுகள், புல், உருளைக்கிழங்கு, மரக்கறி ஆகியவையே அவர்களது கமம். உப்புக்காற்றைத் தடுக்கப் பற்றைகளையும் மரங்களையும் வேலியாக வைத்து, அதன் மறைவில் மரக்கறி வளர்க்கிறார்கள். எம்முடன் வந்த தோட்டக்காரர் அங்கே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். "நல்ல மண்தான், ஆனால் வெய்யில் காணாது" என்றார்.

இந்தத் தீவு எந்நாளும் அமைதியாக இருந்ததில்லை. 617இல் டொனன் என்ற துறவியும் அவரோடு 52 துறவிகளும் இங்கே கொல்லப்பட்டதாகப் பழைய வரலாற்றேடுகள் கூறுகின்றன. தென்கரையில் ஒரு குகை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பகைக் குலத்தார் படகில் வருவதைக் கண்டு அதற்குள் ஒளித்த ஊரவர்களை, வாயிலில் தீமூட்டிப் புகையாலேயே கொன்றார்கள் என்பது வாய்வழி வரலாறு. 395 பேர் என்று அது கணக்குச் சொல்கிறது. ஏறக்குறைய முழு ஊருமே அதுதான். இன்று நாம் அனுபவித்த அமைதி இப்படியான ஒரு மண்ணின் மேல்தான் வளர்ந்திருக்கிறது.

கிறூலின்: புல்லுக்குள் ஒரு கிராமம்

மறுநாள் காலை ஸ்கூர் முகட்டின் அடிவாரத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஒரு மணித்தியாலம் அளவு நடந்தோம். பாதையின் முடிவில் கிறூலின் இருக்கிறது. சரியாகச் சொன்னால், கிறூலின் இருந்தது.

மலையிலிருந்து உருண்டு விழுந்த பெரும் பாறைகளுக்கிடையே இடுப்பளவு உயரக் கற்சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை. மூலைகள் வளைந்திருக்கின்றன. வாசற்கல் இருக்கும் இடத்தில் செம்மறி ஆடு படுத்திருக்கிறது. வீடுகளைச் சுற்றி நிலம் வரம்பு வரம்பாக அலையடித்ததுபோலக் கிடக்கிறது. கரையொதுங்கும் கடற்பாசியைத் தோளில் சுமந்து வந்து, மண்ணோடு அடுக்கி, வரம்பு கட்டி உருளைக்கிழங்கு நட்ட பாத்திகள் அவை. நூற்றியெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரம்புகள் அழியவில்லை.

இவ்வூர் ஏன் வெறுமையானது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இத்தீவு ஒரு குலத் தலைவருடைய ஆதீனத்தில் இருந்தது. அக்காலத்தில் கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கி, கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் விற்கும் தொழில் இக்கரையெங்கும் நடந்தது. அதற்கு நிறையக் கைகள் தேவைப்பட்டன. எனவே மக்களைச் சிறு துண்டு நிலங்களில் நெருக்கிக் குடியேற்றினார்கள். 1815இல் ஐரோப்பியப் போர் முடிந்தபின் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து அந்தத் தொழில் விழுந்தது. கடனில் மூழ்கிய குலத் தலைவர் 1820களில் தீவை விற்றார். 1846இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் பரவிப் பஞ்சம் வந்தது. வாடகை கொடுக்க முடியாத பல குடும்பங்களைவிட, வாடகை ஒழுங்காகக் கொடுக்கும் ஒரே ஒரு செம்மறிப் பண்ணைக்காரர் நிலவுடைமையாளருக்கு இலாபமாகத் தெரிந்தார்.

1853இல் கிறூலினில் இருந்த 14 குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிக் கனடாவின் நோவா ஸ்கோஷாவுக்குப் போனார்கள். 1841இல் 500 பேருக்கு மேல் வாழ்ந்த தீவு அதன்பின் தேயத் தொடங்கியது. ஊரில் ஒரு வீடு மாத்திரம் இடையனுக்காக விட்டுவைக்கப்பட்டது. அது இன்றும் கூரையோடு இருக்கிறது.

எம்மோடு வந்தவர் சுவர்களுக்கிடையே நெடுநேரம் நடந்தார். எது அடுப்படி, எது மாட்டுக்கொட்டில், தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு வாசற்கல்லில் இருந்துகொண்டு சொன்னார்: "எங்கட ஊரிலையும் வீடுகள் விழுந்துபோச்சுது. கிணறு மட்டும் விழேல்லை. கிணத்தைக் கண்டுதான் நான் வீடு இருந்த இடத்தைப் பிடிச்சனான்."

கிறூலின் மக்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளும் வரவில்லை. இதை மறைத்துவிட்டு எக் தீவின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது.

சட்டம் காத்தவர்களும் காக்காதவர்களும்

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் இவ்வாறான வெளியேற்றங்கள் ஒரு நூற்றாண்டு காலம் நடந்தன. 1880களில் அயல்தீவான ஸ்கையில் கமக்காரர்கள் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். 1883இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. குழுவினர் தீவு தீவாகச் சென்று கமக்காரரின் வாயாலேயே சாட்சியம் கேட்டு எழுதினார்கள். அதன் பயனாக 1886இல் ஒரு சட்டம் வந்தது.

அச்சட்டம் சிறு கமக்காரருக்கு நான்கு பாதுகாப்புக்களைத் தந்தது. வாடகை செலுத்தும்வரை எவரும் அவரை எழுப்ப முடியாது. வாடகை நியாயமானதா என்பதை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும். கமத்தை அவர் தம் குடும்பத்தில் ஒருவருக்குக் கையளிக்கலாம். கமத்தை விட்டுப் போனால், அவர் கட்டிய வீட்டுக்கும் செய்த திருத்தங்களுக்கும் நட்டஈடு பெறலாம். கிளேடேல் குடியிருப்பு இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கிய காரணம். ஆனால் ஏற்கெனவே பறிக்கப்பட்ட நிலத்தை அது திருப்பிக் கொடுக்கவில்லை. கிறூலின் ஆட்டு மேய்ச்சல் நிலமாகவே இருந்தது.

இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராத இன்னொரு பகுதியினரும் தீவில் இருந்தார்கள். நிலவுடைமையாளரின் வீடுகளில், எழுத்தில் எந்த உடன்படிக்கையும் இன்றிக் குடியிருந்தவர்கள் அவர்கள். தேநீர்ச்சாலையில் சந்தித்த ஒரு தாயார் தமது அந்தக் கால வீட்டைப் பற்றிச் சொன்னார். சுவரில் ஈரம் ஊறும். யன்னலால் காற்று நுழையும். திருத்தலாம் என்றால், நாளைக்கு எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்ற பயம். அரசு வீடு திருத்த மானியம் கொடுத்தது. ஆனால் எழுத்துமூலமான குத்தகை இல்லாதவருக்கு அது கிடைக்காது. அதனால் துணியை அடைத்துக்கொண்டு இருந்தார்கள்.

இந்த இடத்தில் நாம் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரவல் காணியில் கொட்டில் போட்டிருப்பவர் மாங்கன்று நடுவதில்லை. நட்ட மரம் காய்க்கும்போது தான் அங்கே இருப்பேனா என்று அவருக்குத் தெரியாது. நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் பல ஆண்டுகள் இருந்த எமது வாசகர்கள் இதை எம்மைவிட நன்கு அறிவர்.

1997 யூன் 12

எக் தீவு கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டேயிருந்தது. 1975இல் ஒரு செல்வந்தர் வாங்கினார். அவருக்கும் தீவாருக்கும் இடையே காலப்போக்கில் மனக்கசப்பு வளர்ந்தது. 1995இல் அவர் அதை ஒரு வெளிநாட்டு ஓவியருக்கு விற்றார். ஓவியரும் அடுத்த ஆண்டே விலைக்கு விட்டார். ஒவ்வொரு முறையும் தீவார் தங்கள் ஊர் விற்கப்பட்ட செய்தியை மற்றவர்களைப் போலவே கேள்விப்பட்டார்கள். அப்போது தீவில் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 65 பேர்.

மக்களே தீவை வாங்கவேண்டும் என்ற எண்ணத்தோடு 1991இல் ஒரு பொறுப்பு நிதியம் தொடங்கப்பட்டது. அந்த வேளை பலருக்கு அது நடக்காத காரியமாகவே தெரிந்தது. 1993இல் ஸ்கொட்லாந்தின் வடமேற்கே அசின்ற் என்ற இடத்தில் கமக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தமது நிலத்தை வாங்கினார்கள். அந்தச் செய்தி எக் தீவாருக்குத் துணிவு தந்தது. அவர்கள் தனியே நிற்கவில்லை. பிரதேச சபையையும் வனவிலங்குகளைக் காக்கும் ஓர் அமைப்பையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். தேவைப்பட்ட தொகை 15 இலட்சம் பவுண். பொதுமக்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் சிறிதும் பெரிதுமாகப் பணம் அனுப்பினார்கள். இறுதியில் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த பெருந்தொகையே கணக்கை நிறைவு செய்தது.

1997 யூன் 12ஆம் நாள் தீவு அதன் மக்களின் கைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் யூன் மாதத்தில் அந்த நாளை இசையோடும் ஆட்டத்தோடும் கொண்டாடுகிறார்கள்.

அதன்பின் முதலில் செய்த வேலைகள் எளிமையானவை. குடியிருப்பவர்களுக்கு எழுத்தில் நீண்டகாலக் குத்தகை கொடுத்தார்கள். வீடுகள் திருத்தப்பட்டன. 1998இல் இறங்குதுறைக் கட்டடம் எழும்பியது. கடைக்கும் தேநீர்ச்சாலைக்கும் நிரந்தர இடம் கிடைத்தது. தீவில் பிறந்து வேலைக்காக வெளியேறிய இளைஞர் சிலர் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். 65 ஆக இருந்த தொகை நூறைத் தாண்டியது. 2003இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டமொன்றை நிறைவேற்றி, தாம் வாழும் நிலம் விற்பனைக்கு வரும்போது அதை வாங்க முன்னுரிமை கோரும் வழியைக் கிராம சமூகங்களுக்குத் திறந்துவிட்டது. எக் தீவாரின் முயற்சி இச்சட்டத்துக்குப் பலம் சேர்த்த முன்மாதிரிகளுள் ஒன்று.

ஐந்து கிலோவாற் மின்சாரம்

கூட்டாக வாழ்வது என்றால் என்ன என்பதை இத்தீவின் மின்சாரத்தில் மிகத் தெளிவாகக் காணலாம்.

பெருநிலப்பரப்பின் மின்கம்பி இங்கே வருவதில்லை. கடலுக்கடியால் இழுப்பதற்குப் பெருஞ்செலவாகும். எனவே 2008 வரை பெரும்பாலான வீடுகளில் டீசல் மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருந்தது. எரிபொருளுக்குப் பணம் தேவை. அதுவும் கப்பலில் வரவேண்டும். 2008 பெப்ரவரி 1 முதல் நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்கிறது. மலை ஓடைகளில் மூன்று நீர்மின் பொறிகள், அவற்றுள் பெரியது 100 கிலோவாற், மலையடியில் நான்கு சிறு காற்றாடிகள், சூரியப் படலங்கள். மிஞ்சுவதைச் சேமிக்க மின்கலங்களும், அவசரத்துக்கு டீசல் பொறிகளும் உண்டு. இவற்றையெல்லாம் நிலத்துக்குக் கீழ்ப் புதைத்த 11 கிலோமீற்றர் மின்வடம் வீடுகளோடு இணைக்கிறது. ஆண்டின் மின்தேவையில் பத்தில் ஒன்பது பங்கு நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்துமே வருகிறது. மாரியில் மழையும் காற்றும், கோடையில் வெயில். ஒன்று குறைய மற்றது கைகொடுக்கிறது.

இதில் நாம் கற்கவேண்டியது பொறியைவிடக் கட்டுப்பாடு. ஒரு வீட்டார் ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்க முடியாது. தொழில் நிலையங்களுக்கு 10 கிலோவாற். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் எல்லை வந்துவிடும். எல்லையைத் தாண்டினால் இணைப்புத் தானாகத் துண்டிக்கப்படும். இந்த விதி பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றே. நீண்ட வரட்சியில் ஓடை வற்றும்போது பாவனையைக் குறைக்கும்படி எல்லோருக்கும் அறிவிப்பார்கள், குறைக்கிறார்கள். மழை மிகுந்து மின்சாரம் மிஞ்சும்போது அது பொது மண்டபத்தையும் தேவாலயங்களையும் சூடாக்கப் போகிறது. பொறிகளைப் பராமரிப்பவர்கள் பயிற்சி பெற்ற தீவு வாசிகளே.

ஒரு கிணற்றுத் தண்ணீரை முறை வைத்து இறைத்த எமது ஊர்களுக்கு இது புதிய பாடமல்ல. இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை மணி என்று பங்குக்கிணற்றில் எழுதாத சட்டம் இருந்தது. அதை மீறியவரோடு ஊர் கதைக்காது.

குறைகளும் உண்டு

எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. ஆரம்பப் பாடசாலை தீவில் உண்டு. பெரிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் மலேக்கில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் வார இறுதியில் வீட்டுக்கும் வரமுடியாது. கடுமையான நோய் என்றால் கடலைக் கடக்க வேண்டும். வந்து குடியேற விரும்புவோர் அதிகம், வீடுகள் குறைவு. ஒருவரே இரண்டு மூன்று தொழில் செய்துதான் வாழ்கிறார். முடிவுகள் யாவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதால், கூட்டங்கள் முடிவதேயில்லை என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். முன்பு எல்லாக் குறைக்கும் நிலவுடைமையாளரைக் குற்றஞ்சாட்டலாம். இப்போது அயலவரையும் தம்மையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

அவர்களின் நிலையும் எமது நிலையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களின் நிலம் சந்தையில் விற்பனைக்கு வந்தது. வாங்குவதற்கு உதவப் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். யுத்தத்தினால் நிலத்தை இழந்தவர் அதை விலைகொடுத்து வாங்கவேண்டும் என்று எவரும் சொல்லமுடியாது. அது அவருடையதே.

நாம் கொண்டுவந்தவை

ஆயினும் இரண்டு விடயங்களை நாம் எம்மோடு கொண்டுவந்தோம்.

முதலாவது, எழுத்தின் பலம். எழுத்தில் உரிமை இருந்தவர்களின் குடியிருப்பு நிலைத்தது. கிறூலின் அழிந்தது. எனவே, இன்னும் காணிக்குத் திரும்பாதவர்களும், திரும்பியும் ஆவணம் இல்லாதவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு, நொத்தாரிசின் பெயர் இவற்றில் ஏதாவது தெரிந்தால் தேடுவது எளிது. அரச காணியின் அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். இவை கைக்கு வரும்வரை ஒரு கொப்பியை எடுத்து, காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், எல்லை மரங்கள், கிணறு, அயற்காணிக்காரர் யார் என்பவற்றை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதுங்கள். எல்லையை அறிந்தவர்கள் வயதாகிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாவது, ஊராகச் சேர்ந்து விதி வகுக்கும் பழக்கம். காணி கிடைத்த பின்பு தொடங்கலாம் என்று எக் தீவார் காத்திருக்கவில்லை. 1991இலிருந்து கூடிப் பேசிப் பழகியிருந்தபடியால்தான் 1997இல் அவர்களால் பொறுப்பேற்க முடிந்தது. தண்ணீர் முறை, பாதை, மேய்ச்சல், மதகு துப்புரவு என்று சிறியவற்றில் இருந்தே இதைத் தொடங்கலாம். முகாமிலும் தொடங்கலாம்.

மூன்றாம் நாள் மாலை மீண்டும் அந்த இறங்குதுறைக்கு வந்தோம். கப்பல் வந்தது. தீவனச் சாக்குகளும், பலகைகளும், ஒரு புதுக் கதவும் இறங்கின. யாரோ வீடு கட்டுகிறார்கள். எம்முடன் வந்தவர் கேட்காமலே போய் அந்தக் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, கரைவரை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து கப்பலில் ஏறினார். கப்பல் விலகிய பின்பும் ஸ்கூர் முகட்டின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மலேக் நெருங்கும்போது, ஊருக்குப் போனதும் கிணற்றடியில் இரண்டு மாங்கன்று வைக்கப்போவதாகச் சொன்னார். உறுதிப் பிரதிக்கு விண்ணப்பிப்பதற்கான படிவத்தை எம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டதும் அன்றுதான்.